கண் கூச்சமும் ஒளித்திரையும்: இப்னுல் ஹைதம் முதல் இராமன் வரை

கும்பகோணத்திலிருந்து நாச்சியார்கோயில், குடவாசல் வழியாகத் திருவாரூர் செல்லும் சாலை அகலமானதன்று. அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றிய லாரிகள் இரவெல்லாம் அதில் ஓடும். சங்கப் புலவர் குடவாயில் என்று பாடிய பழைய ஊரின் ஓரமாக, இருபுறமும் வயல் சூழ்ந்த அந்தச் சாலையில், இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பும் முதியவர்களை நாம் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறோம். அவர்களுள் ஒருவர், வயது 68 இருக்கும், சில மாதங்களாக இஷாவுக்கும் சுபுஹுக்கும் பள்ளிக்கு வரவில்லை. ஒரு நாள் அஸருக்குப் பின் நம்மிடம் வந்து ஒரு மஸ்அலா கேட்டார்.

“ஹஜ்ரத், கண் முகாம்ல கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டேன். கண்ணு நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஆனா எதிர்ல ஒரு வண்டி வந்தா எனக்கு ரோடே இல்லை. பிள்ளைங்க, அத்தா பயப்படுறார்ங்குறாங்க. ஜமாஅத்துக்கு வராம இருக்க எனக்கு உஜ்ர் உண்டா, இல்லையா? நான் கண்ணு தெரிஞ்சவனா, தெரியாதவனா?”

பார்வையற்றவருக்கும் ஜமாஅத்துக்கும் உள்ள சட்டத்தை இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் செய்தியிலிருந்தே ஃபிக்ஹு நூல்கள் பேசத் தொடங்குகின்றன. கை பிடித்து அழைத்துச் செல்ல ஆளில்லாத பார்வையற்றவருக்கு நம் மத்ஹபில் உஜ்ர் உண்டு. கடும் இருட்டும் மழையும் சேறும் உஜ்ராவதும் உண்டு. ஆயினும் அன்னார் கேட்டது அதுவன்று. எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்கும் ஒருவன் அதே நாளில் பார்வையற்றவனாகவும் இருக்க முடியுமா என்பதே அவர் கேள்வி. அதற்கு முதலில் விடை தேடியவர்களுள் ஒருவர் நம் மொழியில், அதாவது அரபியில், எழுதியவர். எனவே இக்கட்டுரை.

அபூஅலீ அல்ஹஸன் இப்னுல் ஹைதம் ஹிஜ்ரி 354-ஐ ஒட்டி, அதாவது 965 அளவில், பஸராவில் பிறந்தார். ஃபாத்திமீ கலீஃபா அல்ஹாகிமின் காலத்தில் கெய்ரோ வந்தார்; 1040-ஐ ஒட்டி அங்கேயே மறைந்தார். நைல் நதியை அடக்கும் திட்டம், அது கைகூடாமற்போனது, கலீஃபாவின் சினத்துக்கு அஞ்சிப் பித்தனாக நடித்தது என்றெல்லாம் அல்கிஃப்தீ எழுதிய கதை நம் மேடைகளில் போதுமான அளவு சொல்லப்பட்டுவிட்டது. அஸ்ஹர் பள்ளியின் அருகே குடியிருந்து, உக்லீதிஸின் கணித நூலையும் அல்மஜஸ்தியையும் பிரதி எடுத்து விற்ற பணத்தில் ஆண்டு முழுவதும் உண்டு வாழ்ந்தார் என்ற செய்தியே நமக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. பிரதி எடுப்பவனுக்குக் கண்ணே மூலதனம்.

அவருடைய கிதாபுல் மனாளிர் ஏழு மகாலாக்கள் கொண்டது. முதல் மகாலாவில் முன்னுரையும், பார்வையின் இயல்பு, ஒளியின் இயல்பு பற்றிய ஆய்வுகளும் மூன்று ஃபஸ்லுகளாக அமைகின்றன. நான்காம் ஃபஸ்லு ஒளி பார்வையின்மீது செய்யும் வேலையைப் பற்றியது. இந்நூல் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ இலத்தீனுக்குச் சென்றபோது, முதல் மூன்று ஃபஸ்லுகளும் விடுபட்டுப் போயின. ஆகவே ரோஜர் பேக்கன் முதல் கெப்ளர் வரை ஐரோப்பியர் கையில் இருந்த பிரதியும், 1572-ல் பாசல் நகரில் ரிஸ்னர் அச்சிட்ட பதிப்பும், வலுவான ஒளியைப் பார்க்கும் கண் நோகிறது என்ற செய்தியுடனேயே தொடங்கின. ஐரோப்பிய ஒளியியல் பல நூற்றாண்டுகள் தன் மூலநூலைக் கண் கூச்சத்திலிருந்து படிக்கத் தொடங்கியது என்பது தற்செயல்தான். ஆனால் பொருத்தமான தற்செயல்.

அந்த நான்காம் ஃபஸ்லில் அவர் சொல்வனவற்றை நம் சொற்களில் தருகிறோம். ஞாயிற்றை நேரே நோக்குபவன் நோவு தாங்காது கண்ணைத் திருப்புகிறான். ஞாயிற்றொளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடியை நோக்குபவனும் அவ்வாறே. வெயில் படும் தூய வெண்பொருளை நெடுநேரம் பார்த்துவிட்டு இருண்ட இடத்துக்குப் பார்வையைத் திருப்பினால், பொருளுக்கும் கண்ணுக்கும் நடுவே ஏதோ திரை தொங்குவது போலாகி, சிறிது சிறிதாகவே அது விலகும். இவையெல்லாம் எவரும் அறிந்தவை. அடுத்து வருபவைதாம் அவருக்கே உரியவை. இரவில் எரியும் நெருப்புக்கு அப்பால், மங்கிய ஒளியில் சில பொருள்கள் உள்ளன. நெருப்பு கண்ணுக்குத் தெரியும் வரை அப்பொருள்கள் தெரிவதில்லை. நெருப்பைக் கண்ணிலிருந்து மறைத்துவிட்டால் அவை தெரிகின்றன. பொருள் இடம்பெயரவில்லை, அதன்மீது விழும் ஒளியும் குறையவில்லை, கூடவில்லை. மாறியது கண்ணுக்குள் புகும் நெருப்பொளி ஒன்றே. பகலில் விண்மீன் தெரியாமையும், இரவில் ஒளிரும் மின்மினி பகலில் ஒளியற்றுப் போவதும், பளபளப்பான பொருளில் செதுக்கிய நுண்ணிய வேலைப்பாடு வலுவான ஒளியின் எதிரில் மறைந்து நிழலில் வெளிப்படுவதும் அதே வரிசையில் வருகின்றன. வலிய ஒளி சிலவற்றைக் காட்டுகிறது, சிலவற்றை மறைக்கிறது என்று அவர் முடிவு கட்டுகிறார்.

பெரியவர் சொன்ன லாரி விளக்கும் இப்னுல் ஹைதமின் நெருப்பும் ஒன்றே.

இவ்வகைச் சோதனைக்கு அவர் வைத்த பெயர் இஃதிபார். சோதிப்பவன் முஃதபிர். நம் மாணவர்கள் இச்சொல்லை வேறு இரு துறைகளில் சந்திக்கிறார்கள். உஸூலுல் ஃபிக்ஹில் கியாஸுக்குச் சான்றாகக் காட்டப்படும் ஹஷ்ர் அத்தியாயத்தின் ஏவல் வினை இச்சொல்லிலிருந்தே பிறந்தது. ஹதீஸ் கலையில் ஒரு ராவி தனியாக அறிவித்ததற்கு வேறு வழிகளில் துணை உண்டா என்று தேடிப் பார்ப்பதும் இஃதிபார். கண்ட ஒன்றிலிருந்து காணாத ஒன்றுக்குக் கடந்து செல்வது என்ற மூலப்பொருள் மூன்றிலும் உண்டு. இலத்தீன் மொழிபெயர்ப்பாளர் இதைத்தான் பரிசோதனை என்ற பொருளில் பெயர்த்தார். இமாம்களின் சொல்லை ஒரு கணிதவாதி ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்றார் என்று சிலர் எழுதுகிறார்கள். நாம் அவ்வளவு தூரம் போகமாட்டோம். சொல் ஒன்று, அது வேலை செய்யும் களங்கள் பல என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இனி ஓர் எச்சரிக்கை. 2015-ஐ ஐக்கிய நாடுகள் சபை உலக ஒளி ஆண்டாக அறிவித்தபோது யுனெஸ்கோவின் முயற்சியால் இப்னுல் ஹைதமின் பெயர் உலகெங்கும் ஒலித்தது. அது முதல் நம் இதழ்களில், கேமரா முதல் லேசர் வரை அனைத்தையும் அன்னாரே கண்டுபிடித்தார் என்ற தொனி மிகுந்துவிட்டது. இது அவருக்குச் செய்யும் மரியாதை அன்று. ஒளிக்கூச்சம் ஏன் பொருளை மறைக்கிறது என்பதற்கு இன்றைய விடையை அவர் சொல்லவில்லை. பார்வை உணர்வு விழித்திரையில் நிகழ்கிறது என்று அவர் அறியார்; ஜலீதிய்யா என்று அரபியர் அழைத்த கண்வில்லையே உணரும் உறுப்பு என்று ஜாலீனூஸைப் பின்பற்றினார். ஒளி கண்ணில் செய்யும் வேலை நோவின் வகையைச் சார்ந்தது, மெல்லிய ஒளி செய்யும் நோவை நாம் உணர்வதில்லை என்பது அவர் கருத்து. வலிய நோவின் முன் மெலிய நோவு அடங்கிவிடும் என்ற வழியில்தான் அவருடைய விளக்கம் செல்லும்.

ஆனால் ஓரிடத்தில் அவர் விடைக்கு மிக அருகில் நின்றார். வில்லை தெளிவானது, எனினும் முழுத் தெளிவானதன்று, அதில் சிறிது தடிப்பு உண்டு என்கிறார். முழுத் தெளிவாக இருந்தால் ஒளி அதில் தங்காமல் கடந்து போய்விடும். ஆதலால் பார்வை உண்டாக அந்தத் தடிப்பு தேவை என்று கருதினார். அவர் தேவை என்றதே இன்று தீங்கு எனப்படுகிறது. அந்தத் தடிப்புதான் ஒளியைச் சிதறடிக்கிறது. ஒளிபடும் ஒவ்வொரு பொருளும் தன் பங்குக்கு எல்லாத் திசையிலும் ஒளியை வீசும் என்பதை இருட்டறைச் சோதனைகளால் நிறுவி, அதற்கு அளவுஃ அறளீ என்று பெயரிட்டவரும் அவரே. இந்த விதியைக் கண்ணின் உள்ளேயே, வில்லையின் மீதே பொருத்திப் பார்த்திருந்தால்? வரலாற்றில் ‘இருந்தால்’ என்ற கேள்விக்கு இடமில்லை. விடுவோம்.

அதே கெய்ரோவில், அதே அல்ஹாகிமின் காலத்தில், அம்மார் இப்னு அலீ அல்மவ்ஸிலீ என்ற கண் மருத்துவர் இருந்தார். உள்ளீடற்ற ஊசியைக் கண்ணுள் செலுத்திப் புரையை உறிஞ்சி எடுத்த முறையைத் தம் அல்முந்தகப் என்ற நூலில் எழுதிவைத்தவர். கண்புரைக்கு அரபு மருத்துவர் வைத்த பெயர் அல்மாவுந் நாஸில், இறங்கும் நீர். மூளையிலிருந்து இறங்கிக் கண்பாவையின் முன் உறையும் நீர் என்று அவர்கள் நம்பினார்கள். இன்று உலகம் வழங்கும் ‘கேடராக்ட்’ என்ற சொல்லுக்கும் விழுநீர் என்றே பொருள்; அரபுச் சொல்லின் இலத்தீன் நிழல் அது. ‘புரை’ என்ற நம் தமிழ்ச்சொல்லில் நீர் இல்லை.

ஊசி போடுமுன் அம்மருத்துவர்கள் செய்த சோதனை கவனிக்கத்தக்கது. ஒரு கண்ணை மூடினால் மறு கண்ணின் பாவை விரிகிறதா என்று பார்ப்பார்கள். விளக்கொளியும் வெயிலும் நோயாளிக்குத் தெரிகிறதா என்று கேட்பார்கள். தெரியாவிடில் கை வைக்கமாட்டார்கள். இருளில் பாவை விரிந்து ஒளியில் சுருங்குவதன் காரணத்தைப் பற்றி அபூபக்ர் அர்ராஸீ தனி ரிஸாலாவே எழுதினார் என்று இப்னு அபீ உஸைபிஆ பட்டியலிடுகிறார். ஆக, பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளிலேயே ஒளியைக் கொண்டு கண்ணைச் சோதிப்பது வழக்கமாக இருந்தது. அவர்கள் கேட்டது ‘ஒளி தெரிகிறதா’ என்ற கேள்வி. ‘ஒளி எதை மறைக்கிறது’ என்று கேட்டவர் இப்னுல் ஹைதம். இரண்டாம் கேள்வி மருத்துவமனைக்குள் நுழைய இன்னும் ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் ஆயின.

மத்ரஸாவில் நாம் ஓதிய ஷர்ஹுல் அகாயிதில் பார்வைக்குரிய வரைவிலக்கணம் நினைவுக்கு வருகிறது. மூளையில் சந்தித்துப் பிரிந்து கண்களுக்குச் செல்லும் இரு உள்ளீடற்ற நரம்புகளில் வைக்கப்பட்ட ஆற்றல் என்று தஃப்தாஸானீ இமாம் அதை விளக்குகிறார். ஜாலீனூஸிடமிருந்து வந்த செய்தி. நாம் அதை மனனம் செய்தோம். நம் மாணவர்களும் செய்கிறார்கள். அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட கிதாபுல் மனாளிர் பாடத்திட்டத்தில் இல்லை.

நூல் கிடைக்காமலா? இந்த வகையில் இந்தியா செய்த தொண்டு பெரிது. இப்னுல் ஹைதமுக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் பின்னர் வாழ்ந்த பாரசீக அறிஞர் கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ, நீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையால் வானவில்லை விளக்கியவர், மனாளிருக்குத் தன்கீஹுல் மனாளிர் என்ற திருத்த விரிவுரை எழுதினார். அதை ஹைதராபாத் தக்காணத்தின் தாஇரத்துல் மஆரிஃப் 1928 முதல் 1930 வரை இரு பாகங்களாக அச்சிட்டது. மனாளிரின் முதல் மூன்று மகாலாக்களின் அரபு மூலம் 1983-ல் குவைத்தில் வெளிவரும் வரை, அரபு அறிந்தவனுக்கு இப்னுல் ஹைதமின் ஒளியியலுக்குள் நுழைய இந்த ஹைதராபாத் பதிப்பே பெருவாயிலாக இருந்தது.

அந்த 1928-ஆம் ஆண்டின் பிப்ரவரி 28-ல் கல்கத்தாவில் இன்னொரு செய்தி பிறந்ததை நாடறியும். சர் சி. வி. இராமன் ஒளிச்சிதறலில் கண்ட புதிய விளைவு அது. 1930-ல் நோபல் பரிசு வந்தது. காவிரிக் கரைத் திருவானைக்காவலில் 1888-ல் பிறந்தவர். ஆனால் இக்கட்டுரைக்கு வேண்டியது 1928-ன் இராமன் அல்லர், 1919-ன் இராமன். அவ்வாண்டு இலண்டனில் வெளிவந்த ஃபிலசாஃபிகல் மேகஸீன் ஆய்விதழில், கண்ணின் ஒளிவிலகு ஊடகங்களில் ஒளி சிதறுவது குறித்து அவர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். கடலின் நீலத்தைப் பற்றிச் சிந்திக்கவைத்த 1921-ன் கப்பற் பயணத்துக்கும் முந்தியது இது. சிதறும் ஒளியை அவர் கடலில் தேடும் முன்பே கண்ணில் தேடியிருக்கிறார்.

இருட்டில் சிறிய, மிகப் பிரகாசமான ஒரு விளக்கைப் பார்த்தால் அதைச் சுற்றி ஓர் ஒளிவட்டமும், அதில் மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடும் மெல்லிய கோடுகளும் தெரியும். வெள்ளொளியில் கோடுகளாகத் தெரிவது, ஒற்றை நிற ஒளியில் புள்ளி புள்ளியான திட்டுகளாகிவிடுகிறது. கண்ணின் ஊடகத்தில் ஒழுங்கின்றி விரவியுள்ள நுண்துகள்கள் ஒவ்வொன்றும் ஒளியை வளைத்து அனுப்ப, அவ்வொளிகள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் திட்டுகளை உண்டாக்குகின்றன. வெள்ளொளியில் ஒவ்வொரு நிறத்தின் திட்டும் சற்றே வெவ்வேறு தொலைவில் விழுவதால் திட்டு நீண்டு கோடாகிறது என்பது அவர் விளக்கம். ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை. விளக்கு ஒன்று, கண் ஒன்று. இப்னுல் ஹைதம் அறைக்குள் வந்திருந்தால் இதை இஃதிபார் என்றே அழைத்திருப்பார்.

அதன்பின் கதை விரைவாக நடக்கிறது. 1926-ல் அமெரிக்காவில் எல். எல். ஹாலடே, 1929-ல் இங்கிலாந்தில் டபிள்யூ. எஸ். ஸ்டைல்ஸ் ஆகியோர், கூசும் ஒளி பார்வையை எவ்வளவு கெடுக்கிறது என்பதற்கு அளவு கண்டனர். ஓரத்து விளக்கின் ஒளி கண்ணுக்குள் சிதறி, பார்க்கும் பொருளின் படிமத்தின்மேல் ஒரு மெல்லிய வெண்திரை போல் விழுகிறது. அத்திரைக்குச் சமமான ஒளிர்மையைக் கணக்கிடலாம் என்பது அவர்கள் வழி. விளக்கு கண்ணில் வீழ்த்தும் ஒளியை லக்ஸ் அளவில் எடுத்து, பத்தால் பெருக்கி, பார்வைக் கோட்டுக்கும் விளக்குக்கும் உள்ள கோணத்தின் இருமடிப்பெருக்கால் வகுக்க வேண்டும். எதிர்வண்டி கண்ணில் 1 லக்ஸ் ஒளி வீழ்த்துகிறது, கோணம் 10 பாகை என்று வைத்துக்கொள்வோம். திரையின் ஒளிர்மை சதுர மீட்டருக்கு 0.1 கேண்டெலா. வண்டி நெருங்கும் கோட்டில் நாம் நோக்கி, கோணம் 2 பாகையானால் அது 2.5 கேண்டெலா. நல்ல விளக்கமைத்த நகரச் சாலையின் ஒளிர்மையே ஏறத்தாழ 1 முதல் 2 கேண்டெலாதான். விளக்கற்ற வயற்சாலை அதில் சிறு பங்குகூட இராது. சாலையைவிடத் திரை வெளிச்சமாகிவிட்டால் சாலை எங்கே தெரியும்? பெரியவர் ‘ரோடே இல்லை’ என்றது அணியன்று, கணக்கு.

திரை கண்ணில்தான் விழுகிறதா, அன்றி நரம்புகள் ஒன்றையொன்று அடக்குவதால் இவ்வாறு தோன்றுகிறதா என்ற சர்ச்சை பல்லாண்டு நடந்தது. இதில் நரம்புக் கட்சி இப்னுல் ஹைதமின் ‘வலிய நோவு’ கருத்துக்குத் தூரத்து உறவு. இறுதியில் சிதறல் கட்சியே வென்றது. கருவிழி, வில்லை, விழித்திரை மூன்றிலும் சிதறல் உண்டு; வெளிர்நிறக் கண்களில் வெண்விழியும் நிறப்படலமும் கடந்துகூட ஒளி கசிகிறது. நம்மவரின் கரும்பழுப்புக் கண்களுக்கு அக்கசிவு குறைவு. வயது ஏற ஏற வில்லையின் சிதறல் ஏறுகிறது. எழுபது வயதில் இளமையின் இரு மடங்கு என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. புரை தொடங்கிவிட்டால் பன்மடங்கு.

இனிச் சோதனைக் கருவிகளைப் பற்றிச் சிறிது. மருத்துவமனைகளில் நாம் படிக்கும் எழுத்துப் பலகை 1862-ல் ஸ்னெல்லன் அமைத்தது. வெண்பலகையில் கருப்பெழுத்து, எதிரே வேறு விளக்கில்லை. நுண்மையை அது அளக்கும், திரையை அளக்காது. மிகச் சிறு கோணத்தில் படிமம் கூர்மையாக இருந்து, பல பாகைகளுக்கு அப்பால் ஒளி சிதறும் கண் உண்டு. அத்தகைய கண் கடைசி வரியைப் படித்துவிடும். 1980-களில் அமெரிக்கக் கண் மருத்துவர் ஜாக் ஹாலடே, உட்புறம் ஒளிரும் சிறு அரைக்கோளக் கிண்ணத்தைக் கண்மீது வைத்து, அதன் நடுத்துளை வழியே அதே பலகையைப் படிக்கச் சொல்லும் கருவியை அமைத்தார். 1926-ன் ஹாலடே வேறு, இவர் வேறு. நம் ராவிகளில் ஒரே பெயருடையோர் குழப்புவது போல இங்கும் குழப்பம் நேர்வதுண்டு. கிண்ணத்தின் ஒளியை மூன்று நிலைகளில் கூட்டும்போது எத்தனை வரி குறைகிறதோ அதுவே கூச்சத்தின் அளவு.

இன்னும் நேரான வழியை நெதர்லாந்தின் வான் டென் பெர்க் கண்டார். நோயாளி பார்ப்பது நடுவே ஒரு கருவட்டம், அதைச் சுற்றி மின்னி மின்னி அணையும் ஒளிவளையம். கருவட்டத்தில் ஒளியே இல்லை. ஆயினும் வளையத்தின் ஒளி கண்ணுக்குள் சிதறி அங்கே விழுவதால், கருவட்டமும் மின்னுவதாகத் தோன்றும். அவ்வட்டத்தின் ஒரு பாதியில் மட்டும், வளையம் அணையும் தருணத்தில் ஒளிரும் எதிர்மின்னலைத் தந்து, எந்தப் பாதி அதிகம் மின்னுகிறது என்று பலமுறை கேட்கிறார்கள். விடைகளிலிருந்து சிதறிய ஒளி எவ்வளவு என்பது வெளிப்படும். பொய் சொல்லியோ ஊகித்தோ இதில் தேறுவது கடினம். ஐரோப்பாவில் வண்டி ஓட்டுநர்களிடம் இம்முறையில் சோதித்தபோது, எழுத்துப் பலகையின் விடையும் சிதறலின் அளவும் ஒன்றுக்கொன்று பெரிதும் தொடர்பற்று நின்றன. பலகையில் தேறியவன் சாலையில் தோற்பான் என்பது கருவியால் உறுதியாயிற்று.

நம் பகுதியின் பழைய ஏடுகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தை நடத்தினார். அங்கு கண்நோய்க்குச் சிகிச்சை பெற்றோரின் குறிப்பேடுகள் சுமார் ஐம்பது, நோயுற்ற கண்களின் வண்ண ஓவியங்களோடு, சரசுவதி மகால் நூலகத்தில் காக்கப்பட்டுள்ளன. சரபேந்திர வைத்திய முறைகள் வரிசையில் கண்நோய்க்கென்றே ஒரு தமிழ் நூலை அந்நூலகம் அச்சிட்டிருக்கிறது. சென்னையில் கண்ணுக்கெனத் தனி மருத்துவமனை 1819-ல் எழுந்ததும் அதே காலம். நெற்களஞ்சியத்தின் நடுவே, ஒவ்வொரு நோயாளியின் கண்ணையும் தனித்தனியே வரைந்து வைத்த பொறுமையை நினைக்கையில் நமக்கு வியப்பு அடங்கவில்லை. ஓவியனும் புறத்தே தெரிந்த வெண்மையைத்தான் வரைய முடிந்தது. உள்ளிருப்பவன் காணும் வெண்திரையை யார் வரைவது?

பெரியவரிடம் திரும்புவோம். கருவிகள் பெருநகரங்களில் உள்ளவை. நாம் செய்தது ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டுச் சோதனை. ஒரு வியாழன் இரவு, இஷாவுக்குப் பின், கல்லூரி மைதானத்தின் ஒரு கோடியில் சுவரோரம் மங்கிய விளக்கில் ஒரு கரும்பலகையை நிறுத்தி, சாம்பல் நிறச் சுண்ணக்கட்டியால் சில அரபுச் சொற்களை எழுதவைத்தோம். பலகைக்கும் பார்ப்போருக்கும் நடுவே, சற்று விலக்கி, ஒரு எல்.இ.டி. டார்ச்சை முகத்தை நோக்கி நிறுத்தினோம். ஐந்தாம் ஜும்ரா மாணவர்கள் பன்னிருவரும் முகம் சுளித்தனர், ஆயினும் படித்தனர். நாம் படித்தோம், ஒரு சொல்லைத் தவறவிட்டு. ஐம்பதைக் கடந்த கண்ணுக்கு அது உரியதே. பெரியவர் பலகையே தெரியவில்லை என்றார். பிறகு, உள்ளங்கையை நீட்டி டார்ச்சை மட்டும் மறைக்கச் சொன்னோம். அவர் கை உயர்ந்தது. முதற்சொல்லை எழுத்துக்கூட்டாமல் வாசித்தார். கையை எடுத்தார், பலகை போயிற்று. மீண்டும் மறைத்தார், வந்தது. நான்கைந்து முறை அவரே செய்து பார்த்துக்கொண்டார். அவருடைய மூத்த மகன் அங்கேதான் நின்றிருந்தார்.

இச்சோதனையில் இன்னொரு பயனும் உண்டு. மார்கழி, தை மாதங்களில் நம் வயல்வெளியில் பனிமூட்டம் இறங்கும்போது விளக்கைச் சுற்றி எவர்க்கும் வட்டம் தெரியும். விளக்கைக் கட்டைவிரலால் மறைத்தபின்னும் வட்டம் நின்றால் அது பனியின் வட்டம். விளக்கோடு மறைந்தால் கண்ணின் வட்டம். வெளியே சிதறும் ஒளி விரலைச் சுற்றி வந்து சேரும். உள்ளே சிதற வேண்டிய ஒளியோ விரலிலேயே நின்றுவிடுகிறது.

மகன் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றார். பாவையை விரித்துப் பார்த்த மருத்துவர், வில்லையின் பின்புறத்தில் படலம் கட்டியிருப்பதாகவும், அவ்வகைப் புரை பலகைக்கு அகப்படாமல் வெளிச்சத்தில் மட்டும் தொல்லை தருவதுண்டு என்றும் சொன்னாராம். ஒளியில் பாவை சுருங்க, எஞ்சிய சிறு வழியின் நேரெதிரே படலம் இருந்திருக்கிறது. வலக்கண்ணில் அறுவை முடிந்தது. இடக்கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள்.

சென்ற வாரம் இஷாவுக்கு வந்திருந்தார். தொழுகை முடிந்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சாலையைப் பார்த்தார். திருவாரூர்ப் பக்கமிருந்து ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. இடக்கண்ணைக் கையால் பொத்திப் பார்த்தார். பிறகு வலக்கண்ணைப் பொத்தினார். “இதுல இல்லை ஹஜ்ரத், அதுல இன்னும் இருக்கு” என்றார். லாரி கடந்து போகும்வரை நின்று, மகனின் கையைப் பிடிக்காமல் சாலையைக் கடந்தார்.